முழ அகல விளிம்பும் ஒதுங்கி நின்ற சுவரும்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொண்டது. நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் அக்காவோடு ஒரே வீட்டில் இல்லாத எல்லோரும் நலமாகவே இருக்கிறார்கள்.

மழைக்கு முன்னால் பின்பக்கச் சுவரை எழுப்பாவிட்டால் மேட்டிலிருந்து இறங்கும் சேறு முழுக்க நம் சமையலறைக்குள் வந்து உட்காரும். கொத்து வேலையை நான் யாரிடமும் கற்றதில்லை, பார்த்தே படித்தவன், அதனால் அதில் பிழை சொல்ல எவனுக்கும் உரிமை கிடையாது. அப்படியிருக்க, என் வழுக்கையில் ஒரு சிவந்த திட்டைப் பார்த்த டாக்டர், "பெரியவரே, அகலமான தொப்பி இல்லாம வெயில்ல நிக்காதீங்க" என்று சொன்னதுதான் தாமதம், உங்கள் அக்கா பின்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "தொப்பி வந்தாத்தான் சாவி வரும்."

கடைக்குப் போனேன். ஒரு தொப்பியை எடுத்து, உறுதி பார்க்க அதன் மேல் உட்கார்ந்தேன். நாற்காலி வாங்கும்போது உட்கார்ந்துதானே பார்க்கிறோம்? "ஐயா, அது தலைக்கு!" என்று அலறினான் கடைக்காரன். அடுத்ததை வாளித் தண்ணீரில் முக்கினேன். நனைந்த கோழியாய்த் தொங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டு என்னை வெளியே அனுப்பினான்.

கடைச் சரக்கின் லட்சணம் தெரிந்துபோனதால், பழைய சோபாவின் தோலை வெட்டி, கம்பி வளைத்து, முழ அகல விளிம்போடு நானே ஒன்று செய்தேன். கல்லெறிந்தாலும் ஓட்டை விழாது. சாவியும் வந்தது. ஆனா மச்சான், எனக்கு முன்னாடி விளிம்பு போய்ச் சுவர்ல முட்டுது, நான் தள்ளியே நிக்க வேண்டியிருக்கு, நிமிர்ந்தா நேர் பார்க்கிற தூக்குக்குண்டுக் கயிறு தெரியலை, குனிஞ்சா செங்கல்லே தெரியலை, எட்டி எட்டி வச்சதில ஒவ்வொரு வரிசையும் விளிம்புக்கு வழிவிட்டு அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா சாஞ்சுபோச்சு.

உங்கள் அக்கா வந்து பார்த்தாள். "என்னங்க, சுவர் உங்களைக் கண்டு பயந்து ஒதுங்கி நிக்குதா? இடிச்சிட்டு நேரா கட்டுங்க, இல்லேன்னா கொத்தனாரைக் கூப்பிடுவேன்." மறுபடியும் பூட்டு. நான் இடிக்க மாட்டேன். தொப்பியையும் மாற்ற மாட்டேன். வயதில் பெரியவனுக்கு நேற்று முளைத்த சுவர் கொஞ்சம் வளைந்துகொடுத்ததில் என்ன தப்பு? நீங்கள் உடனே எழுதி அவளிடமிருந்து சாவியை வாங்கித் தர வேண்டும்.

உங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்களை வெயிலில் அலைய விடாதீர்கள்.

இப்படிக்கு,
தன்மேல் ஒரு தப்பும் இல்லாத
அத்தான்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் அக்கா வந்து, கித்தான் துணியில் தானே தைத்த ஒரு தொப்பியை என் தலையில் வைத்தாள். முன்பக்கம் அளவான விளிம்பு, பின்னால் கழுத்து மறையும் அகலம், ரெட்டைத் தையல், அந்தச் சிவந்த திட்டு உரசாமலிருக்க உள்ளே மெத்தென்று பருத்தித் துணி. மாலை வரைக்கும் அதில் குறை தேடினேன். கிடைத்தால் தனியாக எழுதுகிறேன். சுவரை நாளைக் காலையில் இடிக்கிறேன். நீங்கள் கெஞ்சிக் கேட்டதால்தான் அத்தான் இடித்தார் என்று அவளுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், மச்சான்.