தியாகி வீட்டுக்கு முன்னால் ஒரு நவீன நிலையம்

‘சின்னத் திருத்தக்காரர்’ என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாரோ முதுகொடிய ஒரு காரியத்தை முடித்து நிமிரும்போது, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, “எல்லாம் பிரமாதம், ஒரே ஒரு சின்னத் திருத்தம்” என்று ஆரம்பிப்பார்.

ராஜபாளையம் தனுஷ்கோடி அந்த இனத்தின் சிகரம். நூல் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் தியாகி இருளப்பசாமியின் ஓட்டு வீடு 1988-இல் அருங்காட்சியகமானபோது, பார்வையாளர் நிலையம் கட்டும் கமிட்டிக்கு அவரைத் தலைவராகப் போட்டார்கள். வருகிறவர்கள் செருப்பை விட்டு, தண்ணீர் குடித்து, டிக்கெட் வாங்க ஓர் அறை. வேண்டியது அவ்வளவுதான். என்ஜினியர் ஜெயபாய் ஒரே வாரத்தில் வரைந்து கொண்டுவந்தார்.

“நல்லாருக்கும்மா. இப்ப எல்லா ஊர்லயும் முன்னால முழுக்கக் கண்ணாடி வைக்காவ. அத மட்டும் சேத்துக்க.”

கண்ணாடி வைத்தால் வெயில் அடிக்கும். அதற்கு ஒரு போர்டிகோ. போர்டிகோ இருந்தால் கார் வரும், காரில் மந்திரி வரலாம், வந்த மந்திரி பேசாமல் போவாரா? அதற்கு ஒரு மேடை. மேடைக்குப் பின்னால் பழைய ஓடு தெரிந்தால் போட்டோ கெட்டுவிடுமே! அதற்கு ஒரு நெடுஞ்சுவர்.

பதினோராவது வரைபடத்தில் ஜெயபாய் கேட்டார்: “ஐயா, வீட்டுக்குள்ள எந்த வழியா போவாங்க?”

“அத பொறவு பாத்துக்கிடலாம்மா.”

1993-இல் நிலையம் திறந்தது. மந்திரி வரவில்லை. சோழபுரத்திலிருந்து வெள்ளத்தாய் வந்தார். அவர் அப்பா தியாகியோடு சிறையில் கிடந்தவர்.

“எம்புட்டுக் குளுகுளுன்னு இருக்கு! ஐயா, எங்க அப்பா போட்டோ அந்த வீட்டுல தொங்குதாம். வீடு எங்க இருக்கு?”

தனுஷ்கோடி கம்பீரமாகக் கையை நீட்டினார். நீட்டிய இடத்தில் சுவர். இடப்பக்கம் போனார், மந்திரிக்கான ஓய்வறை. வலப்பக்கம் ஜெனரேட்டர். முதல்முறையாக அவர் முகம் சுண்டிப்போனது.

கடைசியில் அந்த அம்மாளைத் தெருவைச் சுற்றிக் கூட்டிப்போய், பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவத்தில் வேட்டியைத் தூக்கிப் பிடித்து நடந்து, வேலிச் சந்து வழியே உள்ளே கொண்டுவிட்டார்.

வெள்ளத்தாய் படத்தின் முன் நின்று அழுதார். தனுஷ்கோடி குற்ற உணர்வோடு தலை குனிந்து நின்றார். முழுதாக இரண்டு நிமிடம் அவர் எதையும் திருத்தவில்லை.

பிறகு நிமிர்ந்தார்.

“படம் இந்தப் பக்கம் செத்த சாஞ்சிருக்கோ?”

“ஐயா, கை வைக்காதிய!”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன மார்கழியில், உங்கள் மகள் விடியலில் எழுந்து போட்டு முடித்த கோலத்தில், கால் கட்டைவிரலால் ஒரு புள்ளியை அழித்தது யார்?