லீமாத் தெரு வீடியோ

“சரிங்க, வச்சிடட்டுமா? அருள்முருகன் அண்ணன் இன்னைக்கித் தெரு வீடியோ போட்டிருக்காரு.”

துபாய் கராமாவின் பேச்சிலர் ரூமில், மேல்கட்டிலில் உட்கார்ந்திருந்த ராக்கப்பனுக்குச் சுருக்கென்றது. ஜெபல் அலி கிடங்கில் ஆறு நாள் பெட்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியோடு ஆற அமரப் பேசலாம் என்று போன் போட்டால், தேவகோட்டையிலிருந்து பானுப்பிரியா பேசியதெல்லாம் தென் அமெரிக்காவைப் பற்றித்தான்.

“அங்க நாய்க்கெல்லாம் ஸ்வெட்டர் போட்டு விட்டிருக்காங்கங்க!”

“இங்க ஏசியில நானுந்தான் விறைக்கிறேன். எனக்கு யாரு போட்டு விட்டா?”

“தள்ளுவண்டியில பார்லி கஷாயம் விக்கிறாங்க. நம்ம டீ மாஸ்டர் மாதிரியே தூக்கித் தூக்கி ஆத்துறாங்க. எப்பவும் மேகம் மூடியே கெடக்குமாம், மழை மட்டும் பெய்யாதாம். அப்ப துணி காயுமாங்க?”

“அவங்க துணி காஞ்சா என்ன, காயாட்டி உனக்கென்ன?”

“சும்மா கேட்டேன்” என்று போனை வைத்துவிட்டாள்.

அருள்முருகனும் தேவகோட்டைக்காரன், இதே கம்பெனி, இதே ரூமில் ஒரே சட்டியில் சாப்பிட்டவன்தான். கம்பெனி அவனைப் பெரு நாட்டின் லீமா நகரத்துக் கிளைக்கு அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. சீனியர் ராக்கப்பன் இங்கே இருக்க, ஜூனியர் அங்கே போய் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் தெருவைப் படம் பிடித்துப் போட்டான். ராக்கப்பனுக்கு வயிறு எரிந்தது. மாத்திரை போட்டும் அடங்கவில்லை.

“அவன் எப்படிடா போனான்? மூச்சு விடலையே!” என்றார், கீழ்க்கட்டிலில் படுத்திருந்த ஹசன் அலியிடம். ஹசன் அலி அதே கம்பெனியில் விசா வேலை பார்ப்பவன்.

“விசா கைக்கு வர்ற வரைக்கும் எவன்ணே வாயத் தொறப்பான்? கண்ணு பட்டுடாது? நானே எங்க மாமாகிட்ட மெட்ராசுக்குப் பல்லு புடுங்கப் போறேன்னுட்டுத்தான் துபாய்க்கு ஏறுனேன். நீங்கதான் போன வருசம் கத்தாரு ராஸ் லஃபான்ல வேலைன்னு ரூம் ரூமா லட்டு குடுத்தீக. லட்டு செரிக்கிறதுக்குள்ள வேலை போச்சு.”

ராக்கப்பன் போனைக் கையில் எடுத்தார். தெருதானே? கராமாவில் இல்லாத தெருவா? சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

டீக்கடை, முடிவெட்டும் கடை, கார் நிழலில் தூங்கும் பூனை என்று வரிசையாக எடுத்தார். பூனைக்குப் பின்னால் ஒரு குடும்பம் நடந்து போனதை அவர் கவனிக்கவில்லை. குடும்பத் தலைவர் கவனித்துவிட்டார்.

“க்யா பாய்? என் பொண்டாட்டிய எதுக்கு வீடியோ எடுக்குற? போலீஸைக் கூப்பிடவா?” என்று இந்தியில் ஒரு பிடி பிடித்தார்.

“மாஃப் கரோ பாய்! பூனை பாய்! ஒன்லி பூனை!” ராக்கப்பன் கையெடுத்துக் கும்பிட்டு, அவர் கண் முன்னாலேயே வீடியோவை அழித்தார். பதற்றத்தில் விரல் எங்கே பட்டதோ, செல்ஃபி கேமரா ஓட ஆரம்பித்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர் மறுபடி கும்பிட்டது, கெஞ்சியது, எல்லாம் பதிவாகி, பாக்கெட்டுக்குள் போகிற போக்கில் ஊர் குரூப்புக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஊரே பார்த்தது. பானுப்பிரியா உடனே கூப்பிட்டாள்.

“வீடியோ நல்லாருந்துச்சுங்க. அவரு யாரு, உங்க மேனேஜரா?”

அவமானத்தில் ராக்கப்பனுக்குக் காது சிவந்தது. குரூப்பில் ஒரு குரல் பதிவு போட்டார்: “லீமாவுல பட்டப்பகல்ல போனைப் புடுங்குறாய்ங்களாம். அந்த நாய்ங்க ஸ்வெட்டரைக் கழட்டிட்டுக் கடிக்குதாம். அருள்முருகா, பாத்துடா தம்பி!”

பலன் தலைகீழாகப் போனது. பயந்துபோன பானுப்பிரியா அருள்முருகனிடமே கேட்க, அவன் அவளுடைய பயத்தைப் போக்க ஒரு நாளைக்கு இரண்டு வீடியோ போட ஆரம்பித்தான். பள்ளிக்கூட வாசல், கொத்தமல்லி விற்கும் சந்தை, பால்கனி வைத்த ஒரு மஞ்சள் வீடு.

“அந்த வீட்டைப் பாத்தீகளா? எவ்வளவு வெளிச்சம்! கிரைண்டர் வைக்கக்கூட இடம் இருக்குங்க!” என்றாள் பானுப்பிரியா.

அவ்வளவுதான். இனி அருள்முருகன் அந்த ஊரில் இருக்கக் கூடாது என்று ராக்கப்பன் முடிவுகட்டிவிட்டார். மறுநாள் நேராக மேனேஜர் சாதிக் பாட்ஷாவின் அறைக்குள் நுழைந்தார்.

“வாங்க ராக்கப்பன், நானே கூப்பிடணும்னு இருந்தேன். அந்த லீமாவைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க? குடும்பத்தோட ஒருத்தரை அங்க வைக்கலாம்னு இருக்கோம். கம்பெனியே வீடு கொடுக்குது.”

அடேயப்பா! பெண்டாட்டி ராதிகாவையும் கூட்டிக்கொள்ளப் போகிறானா அருள்முருகன்? அதுதான் மஞ்சள் வீடா? ராக்கப்பனுக்குத் தலைக்குள் புகை கிளம்பியது.

“குடும்பமா? எதிரி குடும்பத்தைக்கூட அனுப்பிடாதீக சார்! துணி காயாத ஊரு. பொம்பள, புள்ளைக ஒரு மாசம் தாங்காது. அருள்முருகனையும் பேசாம இங்கயே கூப்பிட்டுக்குங்க.”

மேனேஜரின் முகம் வாடியது. “நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“எழுதியே தர்றேன் சார்.”

“வேண்டாம். நீங்களே இப்படிச் சொன்னப்புறம் நான் என்ன பண்றது?” அவர் போனை எடுத்தார். “அந்த லீமா ஃபேமிலி விசா... ஆமா, கேன்சல் பண்ணிடுங்க. கலாஸ், முடிஞ்சது.”

ராக்கப்பனுக்கு மூன்று மாதத்தில் முதல்முறையாக வயிறு குளிர்ந்தது. சாயங்காலம் இரண்டு மட்டன் பிரியாணி வாங்கிக்கொண்டு ரூமுக்கு வந்தார். ஒன்றை ஹசன் அலியின் கையில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

“மஞ்சள் வீடு போச்சுடா! கிரைண்டர் எங்க வைக்கிறான்னு பாப்போம்!”

ஹசன் அலி பிரியாணியைப் பிரிக்கவே இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

“ஊரு கண்ணு பட்டுடக் கூடாதுன்னு, விசா வர்ற வரைக்கும் உங்ககிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு நான் பாஸ்போர்ட் நகல் கேட்டப்பவே மதினி சத்தியம் வாங்கியிருந்தாகண்ணே... உங்களுக்கும் மதினிக்கும் பாத்த வீட்டுக்கு, நீங்களே கண்ணு வச்சிட்டு வந்து நிக்கிறீகளே!”