ஜன்னலோர நாற்காலியும் நகராட்சி விதியும்

இனிமேல் இந்த வீட்டு வாசலில் யாரும் எதையும் விற்கக் கூடாது என்று கண்ணாடிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தார். முடிவெடுக்கும்போது நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவருடைய வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாம் அந்த நாற்காலியில்தான் எடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்றுகூட நிறைவேறியதில்லை என்பது வேறு விஷயம்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடிக்காரர். கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை. வருகிறவர்களை உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றி, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்பார். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவர். தன் வீட்டில் நடப்பது மட்டும் அவர் கண்ணில் படாது.

இந்த முடிவுக்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் மதியம் சாப்பிட வந்தவர், ஹாலில் முன்பின் தெரியாத ஒருவன் மண்டி போட்டுக்கொண்டு தன் நாற்காலியை டேப் வைத்து அளப்பதைப் பார்த்தார். பழைய சாமானைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்ளலாமாம். வீடு வீடாக வந்து சொல்லிக்கொண்டு போகிறானாம். பக்கத்தில் அவர் மனைவி நின்று, "கால் ஒண்ணு லேசா ஆடும், பரவாயில்லையா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் பத்து நிமிஷம் தாமதமாக வந்திருந்தால் நாற்காலி வண்டி ஏறியிருக்கும். அவனை விரட்டிவிட்டு உட்கார்ந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் தடவை சோறு கேட்டாரே தவிர, மனசுக்குள் இறங்கவில்லை.

அந்த நாற்காலி அப்படிப்பட்டது. சாய்வு நாற்காலி. ஜன்னலை ஒட்டிக் கிடக்கும். மெத்தை அவர் உடம்புக்கு ஏற்றபடி குழிந்துபோய், வேறு யார் உட்கார்ந்தாலும் ஒரு பக்கம் சரியும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் ஒன்று, அவர் புரளும்போதெல்லாம் குரல் கொடுக்கும். மனைவிக்கு அது நாராசம். அவருக்கு அது தாலாட்டு.

மனைவியின் குறை ஸ்பிரிங் இல்லை. அவள் துணி திருத்திக் கொடுக்கிறவள். நீளமான பேன்ட்டைக் குட்டையாக்குவது, இறுகிப்போன சட்டையைத் தளர்த்துவது, ஜிப் மாற்றுவது. அவளுடைய தையல் மெஷின் சமையலறைக்குப் போகிற நடையில், மங்கலான ஒரு ட்யூப்லைட்டுக்குக் கீழே கிடந்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தலைவலியே வந்துவிடும்.

"அந்த ஜன்னல் பக்கம் மெஷினைப் போட்டா எனக்கு வெளிச்சம் கிடைக்கும்" என்று அவள் கேட்காத மாதம் கிடையாது.

"பார்க்கலாம்" என்று அவர் சொல்லாத மாதமும் கிடையாது.

கடையில் தினமும் நாலு பேருக்காவது, "நல்ல வெளிச்சத்துல வேலை செய்யுங்க, கண்ணைக் கெடுத்துக்காதீங்க" என்று புத்தி சொல்லுகிற மனிதர்தான். அந்தப் புத்தியைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருவார்.

திங்கட்கிழமை நகராட்சி அலுவலகத்துக்குப் போய், வீட்டு வாசலில் விற்பதற்கான விதிமுறைத் தாளையும் ஒரு ஸ்டிக்கரையும் வாங்கி வந்தார். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியில் சாய்ந்து, தாளை நீட்டிப் பிடித்து வாசித்தார்.

"கேட்டுக்கோ. வீட்டுக்கு வந்து விக்கிறவன் நகராட்சி கொடுத்த அட்டையைக் கழுத்துல மாட்டியிருக்கணும். அதைக் காட்டிட்டுத்தான் வாயைத் திறக்கணும்."

"சரி."

"பொழுது சாஞ்சப்புறம் வரக் கூடாது. போன்னா போயிடணும். வாசல்ல இந்த ஸ்டிக்கர் இருந்தா பெல்லே அடிக்கக் கூடாது. அடிச்சா நாம புகார் கொடுக்கலாம்."

"ஸ்டிக்கர் இல்லாத வீட்டுல?"

"அங்கே அடிக்கலாம். அது அவங்க தலையெழுத்து."

"ஏமாந்து வாங்கிட்டோம்னு வைங்க. அப்போ?"

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்பிரிங் ஒருமுறை ஆமோதித்தது. "நல்ல கேள்வி. வாசல்ல வாங்கின எதையும் ஒரு வாரத்துக்குள்ள திருப்பிக் கொடுத்துடலாம். காரணமே சொல்ல வேண்டாம்."

"யாரு திருப்பலாம்? வாங்கினவங்களா, வித்தவங்களா?"

"வாங்கினவங்கதான். வித்தவன் மனசு மாறிடுச்சுன்னு வந்து நின்னா நடக்காது."

"ஓகோ" என்று அவள் ஒரு பீன்ஸின் நாரை உரித்தாள்.

கல்யாணம் ஆன நாள் முதல் அவர் சொன்ன எதையும் அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு விரிந்தது. வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே சந்தேகம் வந்திருக்கும். இவர் தாளை அவளிடமே கொடுத்து, "பத்திரமா வை" என்றார்.

ஸ்டிக்கர் கதவில் ஏறியது. ஒரு வாரம் வீடு நிம்மதியாக இருந்தது. ஒருநாள் மட்டும், துடைப்பமும் தரை துடைக்கும் கட்டையும் சுமந்த ஒரு பெரியவர் பெல் அடித்துவிட்டார். கண்ணாடிக்காரர் பாய்ந்து போய்க் கதவைத் திறந்தார்.

"அட்டை இருக்கா?"

பெரியவர் கழுத்தில் இருந்த அட்டையைக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. கண்ணாடிக்காரருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"ஸ்டிக்கரைப் பார்க்கலையா? என்ன எழுதியிருக்கு?"

"எழுத்து தெரியுதுங்க. என்ன எழுத்துன்னுதான் தெரியலை."

தொழில் யாரை விட்டது. பெரியவரை வெளிச்சத்தில் நிற்க வைத்து, கையைத் தள்ளிப் பிடிக்கச் சொல்லி, விரல் காட்டி, எண் காட்டி, "கிட்ட இருக்கிறது தெரியலை, கடைக்கு வாங்க, லேசான ஃபிரேம் போட்டுத் தர்றேன்" என்று அரை மணி நேரம் விளக்கினார். பின்னால் மனைவியின் குரல் கேட்டது.

"என்னங்க, இப்போ இந்த வாசல்ல யாரு யாருக்கு விக்கிறாங்க?"

கண்ணாடிக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, சாயந்திரம் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர், செருப்பைக் கழற்றி, சட்டையைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டே வழக்கமான இடத்தில் உட்காரப் போனார். நல்ல வேளையாக ஜன்னல் கம்பி கைக்கு அகப்பட்டது. இல்லாவிட்டால் இடுப்பு போயிருக்கும். நாற்காலி இருந்த இடத்தில் தையல் மெஷின் இருந்தது. மெஷினுக்கு முன்னால் மனைவி இருந்தாள். சாயந்திர வெயில் அவள் மடியில் கிடந்த கறுப்புப் பேன்ட்டில் விழுந்து ஒவ்வொரு இழையும் தெரிந்தது.

"நாற்காலி எங்கே?"

"வித்துட்டேன்."

"எவன் வந்தான்? ஸ்டிக்கர் இருக்கும்போது எவன் உள்ளே வந்தான்?"

"யாரும் வரலை. நான்தான் எதிர்வீட்டு வாசலுக்குப் போய் டிரைவர் அண்ணன்கிட்ட வித்தேன். அவர் வீட்டுல ஸ்டிக்கர் இல்லை."

எதிர்வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தே சம்பாதித்தவர். உட்காருவதன் அருமை தெரிந்தவர்.

கண்ணாடிக்காரருக்கு ஒரு பிடி கிடைத்தது. "உன்கிட்ட நகராட்சி அட்டை இருக்கா? அட்டை இல்லாம வித்தா அது செல்லாது."

"வீட்டுல இருக்கிற சொந்த சாமானை ஒருதடவை விக்கிறதுக்கு அட்டை வேண்டாமாம். தாள்ல பின்பக்கம் போட்டிருக்கு."

"பின்பக்கமா?"

"நீங்க முன்பக்கம் மட்டும்தான் வாசிச்சீங்க."

அடுத்தவருக்குப் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறவர், ஒரு தாளைத் திருப்பிப் பார்க்க மறந்திருந்தார். "அப்போ நான் கான்சல் பண்றேன்."

"வித்தவங்க மனசு மாறினா நடக்காதுன்னு சொன்னீங்களே. வாங்கினவர் மாறினாத்தான் உண்டு. அவருக்கு ஒரு வாரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். கோபமாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகவும் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள்.

அன்று இரவு கண்ணாடிக்காரர் சாப்பாட்டு மேசையில் மர முக்காலியில் உட்கார்ந்தார். முதுகுக்குச் சாய இடமில்லை. மனுஷனுக்கு நிஜமாகவே துக்கம் வந்தது. ஆனால் துக்கத்தோடு ஒரு திட்டமும் வந்தது. வாங்கினவர் மனசு மாறினால் உண்டு. அப்படியானால் மாற்றிவிட்டால் போகிறது.

மறுநாள் சாயந்திரம் எதிர்வீட்டுக்குப் போனார். டிரைவர் நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருந்தார். அந்தக் காட்சியைப் பார்க்கவே கண்ணாடிக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"வாங்க மாப்ளே. உட்காருங்க" என்று டிரைவர் ஒரு ஸ்டூலைக் காட்டினார். மனைவி அவருக்குத் தங்கச்சி முறை ஆனதிலிருந்து இவர் மாப்பிள்ளை.

"டிரைவர் சார், உங்க நல்லதுக்குச் சொல்றேன். இதுல ஒரு ஸ்பிரிங் இருக்கு. கத்தும்."

"தங்கச்சி சொல்லிச்சு. நான் ஓட்டின பஸ்ஸைவிடக் கம்மியாத்தான் கத்துது."

"ஒரு கால் ஆடும்."

"அதையும் சொல்லிச்சு."

"இதுல ரொம்ப நேரம் உட்கார்ந்தா இடுப்பு பிடிச்சுக்கும். சுறுசுறுப்பு போயிடும். எந்த வேலையும் செய்யத் தோணாது. என்னையே பாருங்களேன்."

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அது மட்டும் தங்கச்சி சொல்லலை. ஆனா தெரியும்."

கண்ணாடிக்காரர் மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். மெத்தைக்குள் மூட்டைப்பூச்சி என்றார். ஜாதகத்தில் அந்த நாற்காலிக்கு நேரம் சரியில்லை என்றார். ஒருநாள் ஒன்றுமே சொல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்து நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் டிவியில் செய்தி கேட்கலாம் என்று சத்தத்தைக் கூட்டினால் இவர் அதற்கு மேல் சத்தமாகப் பெருமூச்சு விட்டார். டிரைவர் தூங்குவது போல நடித்தார். "பார்த்தீங்களா, ஆளைத் தூங்க வைக்குது. இது நல்லதில்லை" என்று இவர் தட்டி எழுப்பினார்.

இதற்கிடையில் வீட்டில் ஜன்னல் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மனைவிக்குத் தலைவலி மாத்திரை தேவைப்படவில்லை. கண்ணாடிக்காரர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் எதிர்வீட்டில் இருந்தது.

வாரம் முடியப் போகிற நேரத்தில், டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "மாப்ளே, நீங்க சொன்னது சரிதான். எனக்கு இது ஒத்துக்கலை. திருப்பிக் கொடுத்துடறேன். ஆனா தங்கச்சி இதை எங்கே போடும்? அங்கே மெஷின் வந்துடுச்சாமே. அதை முதல்ல கேட்டுட்டு வாங்க."

கண்ணாடிக்காரர் தெருவை ஓடிக் கடந்தார்.

"அவர் திருப்பறாராம். விதிப்படி நீ வாங்கிக்கிட்டே ஆகணும்."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "விதின்னா வாங்கிக்க வேண்டியதுதான். ஆனா இங்கே இடம் இல்லையே. மெஷினைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகச் சொல்றீங்களா?"

கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை எழுந்து மெஷினை நகர்த்தியிருப்பாளோ என்னவோ. இவர்தான் அவசரத்தில் இருந்தாரே. அந்தப் பக்கம் டிரைவர் மனசு மறுபடி மாறிவிட்டால்?

"மெஷின் இருக்கட்டும். நாற்காலி எங்கே கிடந்தா என்ன? பின்னால, வாஷிங் மெஷின் பக்கத்துல போட்டுக்கறேன்."

"அங்கே ஜன்னல் இல்லையே."

"எனக்கு எதுக்கு ஜன்னல்? நான் கண்ணை மூடிக்கிட்டுத்தானே படுக்கறேன்?"

"நீங்களாத்தான் சொல்றீங்க. நாளைக்கு மாத்திப் பேசக் கூடாது."

"நான் என்னைக்கு மாத்திப் பேசியிருக்கேன்?"

கண்ணாடிக்காரரும் டிரைவருமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து நாற்காலியைத் தெருவைத் தாண்டித் தூக்கி வந்தார்கள். பின்கட்டில், துவைக்கிற துணிக்கும் சோப்புத்தூள் டப்பாவுக்கும் நடுவில் அது நிலைபெற்றது. அவர் சாய்ந்தார். ஸ்பிரிங் கத்தியது. அந்த மகிழ்ச்சியை அனுபவித்தவருக்குத்தான் தெரியும். விதியைக் கரைத்துக் குடித்தவனிடம் யாராலும் வாலாட்ட முடியாது என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினார். ஒரு பொம்பளையையும் ஒரு பஸ் டிரைவரையும் ஒரே வாரத்தில் மடக்கியாகிவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடம் இதை எப்படிச் சொல்ல ஆரம்பிக்கலாம் என்றுகூட யோசித்து வைத்தார்.

வாசலில் பெல் அடித்தது. மனைவி கதவைத் திறக்கும் சத்தம். எதிர்வீட்டு டிரைவரின் குரல். மெதுவாகத்தான் பேசினார். ஆனால் பஸ் ஓட்டினவர்களுக்கு மெதுவான குரல் கிடையாது.

"பேன்ட் ரெண்டும் தயாராயிடுச்சா, தங்கச்சி?"

"இந்தாங்கண்ணே. இடுப்பைத் தளர்த்தி, நீளத்தையும் குறைச்சிருக்கேன். நான் சொன்னதுக்காக ஒரு வாரம் நாற்காலியை உங்க வீட்டுல வெச்சிருந்தீங்க. கூலி ஒண்ணும் வேண்டாம்."

"சரிம்மா. ஆனா ஒண்ணு. அடுத்த தடவை அனுப்பறதா இருந்தா நாற்காலியை மட்டும் அனுப்பு. மாப்பிள்ளையை அனுப்பாதே."