ஹெல்மெட்டுக்குள் தொண்ணூற்றாறு அமுக்கு

“மருந்தெல்லாம் ஒழுங்கா எடுக்கறீங்களா?” என்று டாக்டர் கேட்டால், “எடுக்கறேனுங்க” என்று சொல்ல நமக்கு யாரும் பயிற்சி தரத் தேவையில்லை. மூச்சு விடுவது போல அது தானாக வந்துவிடும். எனக்கு மூச்சு விடுவதுதான் தானாக வராது.

ஆஸ்துமா. கருமத்தம்பட்டியில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறேன். காலையில் தறிக்கூடத்தில் எனக்காகக் காத்திருக்கும் பஞ்சுத் தூசி, மாலையில் என் நெஞ்சிலேயே ஏறி வீட்டுக்கு வந்துவிடும். அதைவிடப் பெரிய வியாதி, என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. பாதிச் சோற்றில் எழுந்து செருப்பைத் தேடுகிற ஆள் நான்.

டாக்டர் இரண்டு இன்ஹேலர் எழுதியிருந்தார். திணறும்போது இழுக்க ஒன்று, நீல நிறம். அதை எனக்குப் பிடிக்கும், இழுத்த கையோடு வேலை செய்யும். இன்னொன்றைத் திணறினாலும் திணறாவிட்டாலும் தினமும் காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு வாய் கொப்புளிக்க வேண்டும். (பத்து எண்ணுவதற்குள் நான் தறிக்கூடத்துக்குப் போய்த் திரும்பியிருப்பேன்.) நன்றாக இருக்கிற நாளில் எதற்கு மருந்து என்று அதை அலமாரியில் வைத்துப் பாதுகாத்தேன்.

ஒரு மதியம் கூடத்தில் சுத்தமாக மூச்சு அடைத்துக்கொண்டது. பேச்சு வரவில்லை. என் மனைவி சுமதி பாவு நூல் ஏற்றிவந்த லோடு ஆட்டோவிலேயே என்னைப் போட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டு போனாள். பிழைத்து எழுந்தபோது அங்கே ஒரு ஆராய்ச்சிக்கு ஆள் சேர்ப்பதாகச் சொன்னார்கள். தினசரி இன்ஹேலரை ஒழுங்காக இழுத்தும் ஆஸ்துமா அடங்காதவர்களுக்குப் புதிதாக ஒரு ஊசி.

“ஒழுங்கா இழுக்கறீங்களா?” என்றார் டாக்டரம்மா.

“இழுக்கறேனுங்க.”

ஊசிக்கு முன் நான்கு வாரம் கவனிப்பார்களாம். ஆராய்ச்சியை ஒருங்கிணைக்கிற பெண், பெயர் கவிதா, ஒப்புதல் படிவத்தை வரி வரியாகப் படித்துக் காட்டினாள். நான் காலை ஆட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். தினசரி இழுக்கப் புது இன்ஹேலரைக் கையில் கொடுத்து, அதன் தலையில் இருந்த சின்ன மூடியைக் காட்டி ஏதோ சொன்னாள். அந்நேரம் பார்த்துக் கூடத்திலிருந்து போன், மோட்டார் புகைகிறது என்று. “செரிங்க, செரிங்க” என்று பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

ஊரில் என் நடையே மாறிவிட்டது. “என்னுது சாதாரண ஆஸ்துமா இல்லீங்க. ஆராய்ச்சிக்கே எடுத்துருக்காங்க” என்று டீக்கடை வரை சொல்லிவைத்தேன். இன்ஹேலரை மட்டும் நான்கே நாள்தான் இழுத்தேன். ஐந்தாம் நாள் ஒரு அவசர ஆர்டர் வந்தது. ஆறாம் நாளுக்குக் காரணம் ஞாபகமில்லை.

நான்கு வாரம் கழித்து, ஸ்கூட்டரில் சுமதியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தும்போதுதான் இன்ஹேலரின் முதுகில் எண் காட்டும் சின்ன ஜன்னலைப் பார்த்தேன். நூற்றி இருபதில் தொடங்கியது நூற்றி நான்கில் நின்றிருந்தது. நாளுக்கு நான்கு என்று இழுக்கிற ஒழுங்கானவனாக இருந்தால் எட்டு காட்ட வேண்டும்.

“நீ போய் டோக்கன் வாங்கு, நான் வாரேன்” என்று சுமதியை அனுப்பினேன். ஹெல்மெட்டைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதற்குள் இன்ஹேலரை நுழைத்து அமுக்க ஆரம்பித்தேன். இன்னும் தொண்ணூற்றாறு. புஸ். புஸ். புஸ். முப்பதைத் தாண்டும்போது ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிற அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏனுங்ண்ணா, கொசு மருந்துங்களா?”

“இல்லீங்க. ஹெல்மெட்டு நாத்தமுங்க.”

“அப்படீங்களா? எங்கூட்டுக்காரரு ஹெல்மெட்டுக்கும் ரெண்டு அடிச்சுத் தாங்ண்ணா, பக்கத்துல போக முடியறதில்ல.”

அடித்துக் கொடுத்தேன். (எப்படியும் எண் இறங்கத்தானே வேண்டும்.) அறுபதில் கட்டைவிரல் மரத்தது, கை மாற்றினேன். எண்பதில் நானே இருமினேன். எட்டு வந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, உலகத்தின் ஒழுங்கான நோயாளியாக உள்ளே போனேன்.

கவிதா எண்ணைப் பார்த்து, “சூப்பருங்க சார்!” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அந்த மூடியைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் இணைத்தாள். அவள் முகம் மாறியது. எழுந்து போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். எந்த நாள் எத்தனை அமுக்கு என்று திரையில் ஒரு கோடு. முதலில் நான்கு சின்ன மேடு. அப்புறம் அவிநாசி ரோடு மாதிரி ஒரே சமதளம். கடைசியில் வெள்ளியங்கிரி மலை.

“இன்னைக்குக் காலையில பத்து இருவதுல இருந்து பத்து முப்பத்தொன்னுக்குள்ள தொண்ணூத்தாறு தடவ அமுக்கியிருக்கீங்க. ரொம்பத் திணறுச்சுங்களா?” என்றார் டாக்டரம்மா, துளியும் சிரிக்காமல்.

அந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்கலாம். “ஆமாங்க, ரொம்ப” என்றேன்.

சுமதி பதறி எழுந்தாள். “எப்பங்க? நீலாம்பூர்ல நிறுத்தி எளநி குடிச்சாருங்க டாக்டர். வர்ற வழியெல்லாம் பாட்டுப் பாடிட்டு வந்தாருங்க!”

அதற்கு மேல் சொல்லப் பொய் இருப்பு இல்லை. ஹெல்மெட் வரை எல்லாவற்றையும் சொன்னேன். கவிதா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். டாக்டரம்மா மட்டும் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார்.

“இந்த மூடி இல்லீன்னா, மருந்து எடுத்தும் இவருக்குக் கேக்கலைன்னு எழுதியிருப்போமுங்க. அந்தப் பொய் நாளைக்கு இன்னொருத்தர் வைத்தியத்துல போய் நிக்கும். உங்களுக்கும் தேவையில்லாத ஊசி போட்டிருப்போம். உங்க ஆஸ்துமா அடங்காதது இல்லீங்க. மருந்தே பாக்காதது.”

ஆராய்ச்சியிலிருந்து என்னை நீக்கினார்கள். திரும்பும்போது நான்தான் வளவளவென்று பேசிக்கொண்டு வந்தேன், மூடி, மெஷின், கவிதாவின் சிரிப்பு என்று. சின்னியம்பாளையம் தாண்டித்தான் சுமதி வாயைத் திறந்தாள்.

“அன்னைக்கு லோடு ஆட்டோவுல உங்க தலைய மடியில வெச்சிட்டு வந்தவ நானுங்க. ஒவ்வொரு மூச்சா எண்ணிட்டு வந்தேன். உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது.”

வண்டியை ஓரம் கட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அன்று மாலை முதல் இழுக்கிறேன். பத்து வரை சுமதிதான் எண்ணுவாள். (கோபமான நாளில் பன்னிரண்டு வரை போகும்.) இரண்டு மாதத்தில் நீல இன்ஹேலரை எங்கே வைத்தேன் என்பதே மறந்துபோனது.

போன வருஷம் கவிதா போன் செய்தாள். “சார், புதுசா ஒரு ஆராய்ச்சிங்க. தினசரி இன்ஹேலர ஏன் ஆளுக எடுக்கறதில்லைன்னு கண்டுபுடிக்கறது. டாக்டர் மொதல்ல உங்க பேரத்தானுங்க சொன்னாங்க.”

“நான் இப்ப ஒரு நாள் விடாம எடுக்கறேன் கண்ணு” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. இந்த முறை நிஜமாகவே.

“அய்யோ, அப்ப உங்களச் சேக்க முடியாதுங்களே சார்” என்றாள்.

பல்லடத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர்கள் முன்னால் சுமதி இதை முதலில் சொன்னாள். இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது கேட்டுவிடுகிறார்கள், அவளும் சலிக்காமல் சொல்கிறாள்: “ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க பாத்துட்டு இந்த மனுசன வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. ஒரு டெஸ்ட்டும் எடுக்காம சேத்துக்கிட்டது நான் ஒருத்திதானுங்க.”