சுமத்ராவும் என் வலது காலும்

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வலது கால் என் பேச்சைக் கேட்காது. உட்கார்ந்தால் ஆடும். பதற்றம் வந்தால் இன்னும் வேகமாக ஆடும். "பொம்பளப் புள்ள காலாட்டாத உமா, குடும்பத்துக்கு ஆகாது" என்று அம்மா தொடையில் அடித்தே வளர்த்தார். (அடிக்கிற நேரம் மட்டும் நிற்கும்.) இப்படிப்பட்ட ஒருத்தி, பூமியின் மிக மெல்லிய அசைவை அளக்கும் வேலைக்குப் போயிருக்கவே கூடாது. போனேன்.

வேலை இதுதான். சுமத்ராவில் நிலம் அதிர்ந்தால் அந்த அலைகள் ஆழத்துப் பாறைகள் வழியாக மலேசியாவின் ஜொகூருக்கு வரும். வருகிற வழியெல்லாம் பாறை அவற்றின் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி, வெப்பமாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். படபடவென்று ஆடும் அலைகள் முதலில் சாகும். நிதானமாக ஆடுபவை வெகுதூரம் வரும். எவ்வளவு சாகிறது என்று பார்க்க பெக்கோக் என்ற ஊரில் ஒரு கருவி, அதே திசையில் சற்றுத் தள்ளி பாலோவில் இன்னொன்று. பாலோ கருவி என் சித்தப்பா வீட்டு ஸ்டோர் ரூமில், சிமெண்டுத் தரையில் இருந்தது.

என் ஒப்பந்தம் முடிய இரண்டே மாதம். உருப்படியாக எதையாவது காட்டினால் இன்னொரு வருடம் நீளும். இல்லையென்றால் அண்ணன் பார்த்து வைத்திருந்த சிங்கப்பூர் கிடங்கு வேலை. தினமும் எல்லை தாண்டும் காஸ்வே பாலத்தில் நெரிபட வேண்டும். அந்தப் பயத்தில் கருவிக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். வீட்டாருக்கு நான் போட்ட சட்டங்கள் கொஞ்சமல்ல. வாஷிங் மெஷின் ஓடக் கூடாது. சின்னம்மா மிளகாய் இடிக்கக் கூடாது. சித்தப்பா ஸ்டோர் ரூம் பக்கம் நடக்கவே கூடாது.

"ஏம்மா, மூச்சாவது விடலாமா?" என்றார் சித்தப்பா.

"மெதுவா விடுங்க" என்றேன். (சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.)

ஒரு நாள் காலை பத்து மணிக்குத் திரையில் கோடு துள்ளியது. சுமத்ரா! உடம்பெல்லாம் பரபரத்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழாமல் கடைசி அலைவரை பார்த்து முடித்தேன்.

மறுநாள் இரண்டு கருவிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தலை சுற்றியது. பெக்கோக்கிலேயே செத்துப்போன படபட அலைகள் பாலோவில் உயிரோடு எழுந்து வந்திருந்தன! பாறை சக்தியைப் பிடுங்குவதற்குப் பதில் வாரி வழங்கியிருக்கிறது. உலகத்தில் எவரும் காணாததை நான் கண்டுவிட்டேன். அந்தப் பாறைக்கு என் பெயரை மட்டும் வைப்பார்களா, அப்பா பெயரையும் சேர்ப்பார்களா என்று அம்மாவிடம் விவாதம் வேறு.

ஒப்பந்தத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் எங்கள் தலைவர் டாக்டர் காதரும் குழுவினர் நான்கு பேரும் இருந்தார்கள். முழங்கிவிட்டு உட்கார்ந்தேன். டாக்டர் தாடியைத் தடவினார்.

"உமா, அங்க ஏதாச்சும் மெஷின் ஓடிச்சா?"

"ஒன்னுமே ஓடல டாக்டர். நான்தான் பக்கத்துல காவல் இருந்தேனே."

"எதுக்கும் ஒங்க சித்தப்பாவக் கேட்டுருவோம்" என்று கைப்பேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

சித்தப்பா, பழி தன் வாஷிங் மெஷின்மேல் விழப்போகிறது என்று மிரண்டுவிட்டார். "அலமாக்! சத்தியமா ஒன்னும் ஓடல டாக்டர். நாங்கெல்லாம் செல மாதிரி உக்காந்திருந்தோம். உமா மட்டும்தான் கோயாங் காக்கி!"

தமிழ் தெரியாத குழுவினருக்கும் அந்தக் கடைசி இரண்டு சொல் புரிந்துவிட்டது. சிரித்தார்கள். மலாயில் கோயாங் காக்கி என்றால் வேலைவெட்டி இல்லாமல் சொகுசாக உட்கார்ந்திருப்பது. எனக்கு ரத்தம் கொதித்தது.

"யாரு, நானா கோயாங் காக்கி? மூனு வாரமா சோறு தண்ணி இல்லாம வேல செஞ்சிருக்கேன் சித்தப்பா!"

"அது இல்லம்மா. நெசமாவே காலு! அந்தக் கோடு ஆட ஆரம்பிச்சதும் ஒன் காலும் ஆடிச்சு பாரு, அலமாரியில சின்னம்மாவோட பீங்கான் மங்கெல்லாம் கிடுகிடுன்னுச்சு லா."

கோயாங் என்றால் ஆட்டுவது. காக்கி என்றால் கால். சித்தப்பா எனக்கு அவப்பெயர் வாங்கித் தரவில்லை, உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்.

மேசைமேல் ஐந்து பேருடைய தண்ணீர்க் குவளைகளிலும் நீர் நடுங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் காதர் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். நிமிர்ந்தார்.

"பாறையக் கண்டுபிடிச்சிட்டோம்" என்றார்.

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. ஜொகூர் நிலம் அவ்வளவு சுலபத்தில் பிளக்காது என்பதும் எனக்குத்தானே தெரியும்.

என் காலாட்டத்தைக் கழித்துவிட்டு மறுபடி பார்த்ததில் பாலோவிலும் அலைகள் ஒழுங்காகச் செத்திருந்தன. அதுவே நல்ல முடிவுதான் என்று ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: கருவி இருக்கும் அறையில் நான் உட்காரக் கூடாது.

கல்யாணமாகி, இப்போது ஜேபி என்று நாங்கள் சொல்லும் ஜொகூர் பாருவில் பதினான்காம் மாடியில் குடியிருக்கிறோம். அண்மையில் ஒரு மதியம் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் விளக்கு மெல்ல ஆடியது.

"உமா, காலு" என்றார் கணவர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"அம்மா, காலு!" என்றாள் மகள்.

குனிந்து பார்த்தேன். எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவையாக அது சும்மா இருந்தது.

"நான் இல்ல! சுமத்ரா!" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தடதடவென்று படி இறங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தார்கள். பதினான்கு மாடியும் இறங்கி, கார் நிறுத்துமிடத்துக்குக் கடைசிக் குடும்பமாக, எச்சில் கையோடு வந்து சேர்ந்தோம். கைப்பேசி அடித்தது. பாலோவிலிருந்து சித்தப்பா.

"ஜேபி ஆடிச்சாமே உமா. நீயா?"