சிரிக்காத விரதம்

வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திய மகேந்திரன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார். கழற்றினால் வாய் தெரியும். வாய் தெரிந்தால் கம்பி தெரியும். உள்ளே விமலா உளுந்து வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனை கேட் வரைக்கும் வந்து அவரை உள்ளே இழுத்தது.

நாற்பத்தாறு வயதில் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டவர் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அநேகமாக அவர் ஒருவர்தான். அதுகூடப் பரவாயில்லை. பெண்டாட்டியிடம் சொல்லாமல் போட்டுக்கொண்டவரும் அவர் ஒருவர்தான்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. மேல் வரிசையில் வலப்பக்கம் அவருக்கு ஒரு தெத்துப்பல். பெண் பார்க்கப் போன அன்று விமலா தலையை நிமிர்த்தவே இல்லையாம். காப்பித் தட்டு சரிந்து மாப்பிள்ளையின் பெரியப்பா மடியில் கொட்ட, மாப்பிள்ளை அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள், பல்லைப் பார்த்தாள், சரியென்று தலையாட்டிவிட்டாள். இந்தக் கதையை அவள் சொல்லாத கல்யாண வீடு ஈப்போவிலிருந்து சிலிம் ரிவர் வரைக்கும் கிடையாது. "தெத்துப்பல்லு இருக்கிற வீட்ல லெட்சுமி தங்கும்லா" என்று சொல்லித்தான் முடிப்பாள். அந்த லட்சுமியைத்தான் மகேந்திரன் ஈப்போவில் ஒரு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வரிசைக்குள் தள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அவராக ஆசைப்பட்டுப் போகவில்லை. கொய்யாவைக் கடித்தால் ரத்தம் வந்தது. கொட்டாவி விட்டால் தாடையில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. செமோர் கிடங்கில் அவரோடு ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டும் சீனி, பேசும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நிற்க ஆரம்பித்திருந்தான். ஒரு நாள் கீழ்வரிசைப் பல் ஒன்று நாக்கு பட்டதும் லேசாக அசைந்தது. மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடினார்.

பல் டாக்டர் லக்ஷ்மிப்ரியா கையில் கண்ணாடியைக் கொடுத்து எல்லாவற்றையும் காட்டினார். தாடை சின்னது, பற்கள் பெரியவை, அது வம்சத்தில் வருவது. சின்ன வயதில் பால் பற்கள் சொத்தையாகி முன்னதாகவே விழுந்தால் பக்கத்துப் பல் நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பிறகு முளைக்கிற பல் இடமில்லாமல் மேலே ஏறி நிற்கும் என்றார். எஸ்டேட்டில் கூலிக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் ரொட்டியில் ஊற்றிக் கொடுத்த இனிப்பு டின் பால் மகேந்திரனுக்கு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் போகிற வயது வரைக்கும் கட்டைவிரலைச் சூப்பியதும் ஞாபகம் வந்தது. விரல் சூப்பினாலும் பல் தள்ளும் என்று டாக்டர் சொன்னபோது அவர் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அழகுக்காகச் சொல்லல அங்கிள்" என்றார் டாக்டர். "ஒன்னு மேல ஒன்னு ஏறி நிக்குது, பிரஷ் உள்ள போகல. ஈறு இறங்கிருச்சு, அடியில எலும்பும் கரைய ஆரம்பிச்சிருக்கு. இப்படியே விட்டா முன்பல்லு எல்லாம் ஆடும். அதுக்கப்புறம் நான் நேராக்குறதுக்கு ஒன்னும் இருக்காது."

முதலில் ஈறுகளைச் சுத்தம் செய்து ஆற வைத்தார். இடம் உண்டாக்குவதற்கு ஓரத்துப் பற்களை எடுத்தார். பிறகுதான் கம்பி. ஒரு வருஷம் போல ஆகும், வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்லிக்கலாம் என்று மகேந்திரன் வாக்குக் கொடுத்தார்.

அந்த வாக்கோடுதான் இப்போது ஹெல்மெட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள் கூடையில் பழைய முகக்கவசம் ஒன்று கிடந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போய், கிடங்கில் எல்லாருக்கும் சளிக்காய்ச்சல், உனக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்றார்.

இது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. ஆனால் விமலா காய்ச்சலைச் சும்மா விடுகிற ஆள் இல்லை. மிளகுக் கஷாயம் வந்தது, வேப்பிலைத் தண்ணீர் வந்தது, தலைக்கு ஆவி பிடிக்கப் போர்வை வந்தது. அறைக்குள் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது வடை கம்பியில் சிக்கி, அதை எடுக்கப் பல்குச்சியோடு அரைமணி நேரம் போராடினார். மிச்ச வடைகளை ஹெல்மெட்டுக்குள் ஒளித்து வைத்தார். இரவு கவசத்தோடேயே தூங்கினார், விடிந்தபோது அது கழுத்தில் கிடந்தது. மறுநாள் காலை மறந்துபோய் அதை அப்படியே தலையில் மாட்டினார்.

இரண்டு நாள் பொறுத்த விமலா, கிளம்புங்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் வாயைத் திறந்து காட்டிவிட்டு வரலாம் என்று கையில் குடையோடு வந்து நின்றாள். சுவரில் முருகன் படம் போட்ட காலண்டர் தொங்கியது. தைப்பூசம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"காய்ச்சல் இல்ல, விமலா. வேண்டுதல்" என்றார் உதட்டைப் பிரிக்காமல்.

"என்னா வேண்டுதல்?"

"அடுத்த தைப்பூசம் வரைக்கும் சிரிக்கிறதில்லன்னு வேண்டிக்கிட்டேன். பல்லை யாருக்கும் காட்டக்கூடாது. உனக்கும்தான்."

விமலா குடையைக் கீழே வைத்தாள். விறுவிறுவென்று சமையலறைக்குப் போய், அவருக்கு முதுகைக் காட்டி நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. அவள் அழுகிறாள் என்று மகேந்திரன் நினைத்தார். திரும்பி வந்தபோது அவள் கண் ஈரமாகத்தான் இருந்தது.

"எதுக்குன்னு கேக்க மாட்டேங்க" என்றாள். "நீங்க விரதம் இருக்கையில நானும் ஒன்னு இருக்கேன். இனிமே இந்த வீட்ல கடிச்சுத் திங்கிற பண்டம் கிடையாது."

அன்றிலிருந்து இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, மசித்த கீரை என்று மெல்லவே வேண்டாத சாப்பாடாக வந்தது. தீபாவளிக்கு முறுக்குகூடச் சுடவில்லை. டிவியில் நகைச்சுவை வந்தால் எழுந்துபோய், யாராவது அழுதுகொண்டிருக்கிற நாடகத்துக்கு மாற்றிவிடுவாள். கம்பி உதட்டைக் குத்தாமல் ஒட்டிக்கொள்ள டாக்டர் கொடுத்த மெழுகுப் பெட்டியை ஒரு நாள் மகேந்திரன் தொலைத்துவிட்டு, வாயெல்லாம் புண்ணோடு தவித்தார். மறுநாள் அது அவருடைய சாப்பாட்டுப் பைக்குள்ளேயே கிடந்தது. நான் எங்கேயோ போட்டதை முருகன் எடுத்து வைக்கிறான் என்று கிடங்கின் நடுவில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

உண்மையிலேயே அவருக்கு நன்றி பொங்கிய வருஷம் அது. ஈறில் ரத்தம் நின்றது. தாடைச் சத்தம் குறைந்தது. ஆடிய பல் ஆடாமல் நின்றது. சீனி பழையபடி தோளில் கைபோட்டுப் பேசினான்.

சீனியால்தான் அடுத்த தொல்லையும் வந்தது. சிரிக்காத விரதம் என்றதும் அதை அவன் தன் திறமைக்கு விட்ட சவாலாக எடுத்துக்கொண்டான். தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வேடிக்கைக் கதை சொல்வான். மகேந்திரன் தொடையைக் கிள்ளிக்கொண்டு கேட்பார். ஒரு நாள் கதை சொல்லிக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்த சீனி, மிளகாய்ச் சாஸ் பெட்டிகளுக்குள் போய் இறங்கினான். தலையிலிருந்து கால்வரை சிவப்பாக அவன் எழுந்து வந்ததைப் பார்த்துக் கிடங்கே உருண்டு சிரித்தது. மகேந்திரன் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உடம்பு நடுங்க நின்றார்.

"அண்ணனுக்கு அருள் வந்துருச்சு" என்றான் சாஸோடு நின்ற சீனி.

அதோடு போனது நிம்மதி. சிரிக்காத மனிதர் விரலை எப்படி நீட்டினாலும் அது நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கலுக்கு அவர் கொடுக்கிற எண் என்று ஊர் முடிவுகட்டியது. போங்கடா என்று அவர் கையை வீசியதைக் கணக்குப் பண்ணி வாங்கிய யாருக்கோ ஆறுதல் பரிசு விழுந்தது. வெள்ளிக்கிழமை தோறும் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழத்தோடு ஆட்கள் நின்றார்கள். அண்ணே என்று கூப்பிட்டவர்கள் சாமி என்றார்கள். விரதத்தை விட்டுவிட்டேன் என்று சொல்லலாமென்றால், விட்டவர் சிரித்துக் காட்ட வேண்டும்.

தைப்பூசம் நெருங்கியபோது ஊர்க் கோயில் தலைவர் உடையப்பன் வீட்டுக்கே வந்துவிட்டார். இப்பேர்ப்பட்ட விரதம் சும்மா முடியக்கூடாது, இந்த வருஷம் மகேந்திரன்தான் எல்லாருக்கும் முன்னால் நாக்கில் அலகு குத்திக்கொண்டு போகவேண்டும், கமிட்டியில் முடிவாகிவிட்டது என்றார். நாக்கை நீட்டினால் மொத்தக் கம்பியும் ஊருக்கே தரிசனம். அவர் மனதுக்குள் முருகா, முருகா என்று கதறிக்கொண்டிருக்கும்போது, காப்பித் தட்டோடு வந்த விமலா குறுக்கே புகுந்தாள்.

"அவருக்குப் பால்குடம்தாங்க தலைவரே. அலகு குத்தணும்னா வாயைத் திறக்கணும். இத்தனை நாள் அடக்குன ஆளு, திறந்தா சிரிச்சிருவாரு."

உடையப்பன், அதுவும் சரிதான், அலகு குத்தும்போது சிரித்தால் கோயிலுக்குத்தான் கெட்ட பேர் என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். முருகன் விமலாவின் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று மகேந்திரன் உருகிப் போனார்.

ஆனால் ஒரு பயம் மட்டும் உள்ளே கிடந்து அரித்தது. செமோரில் நடந்த ஒரு கல்யாணத்தில் விமலா வழக்கம்போலக் காப்பித் தட்டுக் கதையைச் சொல்லி முடித்து, பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது.

"தைப்பூசம் வரட்டும்லா. அவரு சிரிப்பைப் பாக்காம எனக்கு வீடு வீடாவே இல்ல."

அன்றைக்கு அவர் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அவள் காத்திருக்கிற சிரிப்பு இனிமேல் இல்லை. தெத்துப்பல் கொஞ்சம் கொஞ்சமாக வரிசைக்குள் போய்க்கொண்டிருந்தது. வாய் மூடியிருக்கிற வரைக்கும் அவளுக்கு அது தெரியாது. விரதம் முடிகிற அன்று, பெண் பார்த்த நாளில் நிமிர்ந்த மாதிரி ஆசையாக நிமிர்வாள். உடனே அந்த முகம் வாடிவிடும்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் கம்பியைக் கழற்ற ஈப்போவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தேதி எழுதிய கிளினிக் அட்டை அவர் சட்டைப்பையில் இருந்தது. வேலைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு போகலாம் என்று அவர் திட்டம் போட்டிருந்தார். அதற்கு அவசியமே இல்லாமல், பால்குடத்துக்கு மஞ்சள் துணி எடுக்கவேண்டும் என்று விமலா விடிந்ததும் பஸ் ஏறிப் போய்விட்டாள். இதுவும் முருகன் செயல்தான் என்று அவர் நிதானமாகக் குளித்துக் கிளம்பினார்.

டாக்டர் கம்பியைக் கழற்றிச் சுத்தம் செய்து கண்ணாடியைக் கொடுத்தார். கண்ணாடியில் யாரோ ஒரு ஒழுங்கான மனிதர் தெரிந்தார். மகேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தத் தெத்துப்பல்லு போயிருச்சா டாக்டர்?"

"அதை நான் எடுக்கவே இல்லையே அங்கிள். அதே பல்லுதான். வரிசையில நிக்க வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

பல் பழைய இடத்துக்கு ஓடாமல் இருக்கத் தினமும் மாட்டவேண்டிய ஒரு சின்ன அச்சையும் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். சோம்பேறித்தனமாக விட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்று எச்சரித்தார். மகேந்திரன் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். உங்கள் புண்ணியத்தில் என் பல்லோடு நான் கிழவனாவேன் என்றார்.

கிளினிக்கிலிருந்து நேராக ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு வண்டியை விட்டார். வாசலில் காளியம்மா தேங்காய்க் கடை போட்டிருந்தார். பழைய எஸ்டேட்டில் மகேந்திரனுக்கும் விமலாவுக்கும் பக்கத்து லயத்து வீட்டுக்காரர், வருஷா வருஷம் அவரிடம்தான் தேங்காய் வாங்குவார்கள்.

மகேந்திரன் வாய்நிறையச் சிரித்தார். சிரித்து ஒரு வருஷம் ஆனதில் கன்னம் வலித்தது. தேங்காய்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கூடையில் போட்டார். டாக்டருக்காக ஒன்று. தொலைந்த மெழுகைத் திருப்பித் தந்ததற்கு ஒன்று. முறுக்கிலிருந்து காப்பாற்றியதற்கு ஒன்று, அலகிலிருந்து காப்பாற்றியதற்கு ஒன்று. கடைசியாக ஒன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இந்தச் சிரிப்பைப் பார்த்து விமலா மனசு உடையாமல் இருக்கவேண்டும், அதற்காக.

"எல்லாத்தையும் என் வீட்டுப் பேருல உடைக்கணும் காளியம்மா அக்கா."

காளியம்மா அவர் பல்வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்தியாகப் பார்த்தார். பிறகு கூடையிலிருந்த தேங்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குவியலிலேயே திரும்பப் போட்டார்.

"உங்க வீட்டுப் பேருல காலையிலயே உடைச்சாச்சுலா, தம்பி. விமலா வந்து, 'இன்னிக்கு அவருக்குக் கம்பி கழட்டுறாங்க சாமி, ஒரு வருஷமா நான் சிரிப்பை அடக்கிக்கிட்டு இருக்கேன், இனிமே என்னால முடியாது'ன்னு சொல்லிட்டுப் போச்சு."