நோ மோர் மாவு

மோரை ஒழித்துக்கட்டுவது என்று அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் முடிவு செய்தேன்.

லேசான முடிவு இல்லை. டென்னசியில், அதுவும் எங்கள் ஹாலோவே ஊரில், மோர் இல்லாமல் பிஸ்கட் சுடுவேன் என்று ஒருவன் சொன்னால் அவனைத் தேவாலயத்தில் கடைசி பெஞ்சுக்குத் தள்ளிவிடுவார்கள். எங்கள் பிஸ்கட் டீயில் முக்கித் தின்கிற சில்லு அல்ல. உள்ளங்கை அகலம், இரண்டு விரல் உயரம். சூடாகப் பிளந்தால் அடுக்கடுக்காக ஆவி விடும். உள்ளே மோர், வெண்ணெய். மேலே பால் விட்ட குழம்பு. முப்பத்துநான்கு வருடமாக என் மனைவி ஓப்பல் காலை ஐந்து மணிக்கு எழுந்து சுடுகிறாள். நான் ஏழு மணிக்கு எழுந்து விழுங்குகிறேன். வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்ட குடும்பம் எங்களுடையது.

பிரச்சினை மருமகள் உருவத்தில் வந்தது. மருமகள்பால் எனக்குப் பாசம் உண்டு. மருமகளுக்குத்தான் பால் ஆகாது.

டெஸா தங்கமான பெண். ஆனால் ஒரு கரண்டி மோர் உள்ளே போனாலும் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு மூன்று முறை எங்கள் வீட்டுக்குக் காலைச் சாப்பாட்டுக்கு வந்தாள். மூன்று முறையும் ஒரு வாழைப்பழம், இரண்டு துண்டு பன்றி இறைச்சி. போகும்போது "ரொம்ப நல்லா இருந்துச்சு, மேம்" என்று ஓப்பலிடம் சொல்லிவிட்டுப் போனாள். வாழைப்பழத்தைத்தான் சொன்னாள் போலிருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மகன் கிளின்ட் போன் செய்தான்.

"அப்பா, தப்பா நினைக்காதீங்க. நன்றித் திருநாளுக்கு நாங்க கென்டக்கி போறோம். டெஸா அம்மா வீட்ல எல்லாமே பால் இல்லாம செய்யறாங்க. அங்க வயிறாரச் சாப்பிடறா. நம்ம வீட்ல பழம் தின்னுட்டு சும்மா உக்காந்திருக்கா."

"சரிடா. இந்த ஒரு வருஷம்தானே?"



"இனிமே அப்படித்தான்னு நினைக்கறேன்ப்பா."

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. நவம்பர் மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவன் முழுசாக எங்களோடு இருப்பான். பெரிய மேசையில் நானும் ஓப்பலும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு முழு வான்கோழியைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி கண்முன் வந்தது. நேராக ஓப்பலிடம் போனேன். குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓப்பல், பால் இல்லாத பிஸ்கட் நீ சுட்டா என்ன?"

"மோர் இல்லாமயா?"

"ஆமா."

"அது பிஸ்கட் இல்ல. கூரை ஓடு."

"ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாரேன்."

"என்னால முடியாது ராய்ஸ். எங்கம்மாவாலயே முடியாது. ஆம்பளைங்க யாராலயும் சுத்தமா முடியாது." பென்சிலால் தலையைச் சொறிந்தாள். "நாலெழுத்து. 'வீம்பு பிடித்தவன்.' என்னவா இருக்கும்?"

"ஆம்பளையால முடியாதா? நான் பண்றேன் பாரு!"

"நீயா?"

"நானேதான். பெரிய ஜாடி நிறைய மாவு கலந்து வைக்கப் போறேன். வேணும்கறப்ப எடுத்து, பிசைஞ்சு, சுட வேண்டியதுதான். இந்த வீட்ல இனிமே நோ மோர்!"

மோர் இல்லை, இனிமேலும் இல்லை. இரண்டு அர்த்தமும் ஒரே வீச்சில். நானே அசந்துபோனேன். ஓப்பல் தலை நிமிரவில்லை. கட்டத்தில் எதையோ எழுதினாள்.

சூடு ஆறுவதற்குள் கிளின்டைக் கூப்பிட்டேன். "அடுத்த வாரம் சனிக்கிழமை காலைல ரெண்டு பேரும் வாங்க. பால் இல்லாத பிஸ்கட். நான் சுடறேன். சாப்பிட்டுட்டு அப்புறம் கென்டக்கியைப் பத்தி முடிவு பண்ணுங்க."

"நீங்களா?" கிளின்ட் குரல் மாறியது. "அப்பா, அம்மா எங்க? அம்மாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

சமையல் குறிப்புக்கு அடுத்த வீட்டு வெண்டலிடம் போனேன். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒஹாயோவிலிருந்து வந்து குடியேறிய ஆசாமி. எதைக் கேட்டாலும் அலமாரியிலிருந்து ஒரு சீட்டு எடுப்பார். இதற்கும் எடுத்தார். எட்டுக் கிண்ணம் மாவு, கால் கிண்ணம் பேக்கிங் பவுடர், நாலு கரண்டி உப்பு, ரெண்டு கிண்ணம் கொழுப்பு. கலந்து ஜாடியில் போட்டு வைக்க வேண்டும். சுடும்போது சோயாப் பாலில் கொஞ்சம் வினிகர் விட்டுப் புளிக்கவைத்து ஊற்ற வேண்டும்.

"சோயாப் பாலா? அதுவும் பால்தானேய்யா?"

"பேர்லதான் பால். உங்க ஊர்ல ஒருத்தன் பேரு ஜூனியர், வயசு எழுபத்தெட்டு. அந்த மாதிரி."

புதன்கிழமை வேலையை ஆரம்பித்தேன். சரக்கறையில் இருந்த பெரிய தகர டப்பாவிலிருந்து மாவை அளந்தேன். பேக்கிங் பவுடரைக் கொட்டினேன். உப்பைக் கொட்டினேன். கொழுப்புக்காக மார்ஜரின் என்கிற செயற்கை வெண்ணெயைப் பிரிக்கும்போது கூடத்திலிருந்து ஓப்பல் எதையோ சத்தமாகப் படித்தாள்.

"மார்ஜரின்ல எட்டுல ஏழு பிராண்டில பால் சத்து சேர்க்கறாங்களாம். பத்திரிகைல போட்டிருக்கான். அக்கிரமம்!"

நான் சத்தமில்லாமல் மார்ஜரினை உள்ளே வைத்துவிட்டு வனஸ்பதி டப்பாவை எடுத்தேன். என் அதிர்ஷ்டம், சரியான நேரத்தில் அவள் அதைப் படித்தாள்.

விரல் நுனியால் உதிர்த்து உதிர்த்து ரவை பதத்துக்குக் கொண்டுவந்தேன். ஜாடியில் அடைத்து, காகிதம் ஒட்டி, "ராய்ஸின் நோ மோர் மாவு. யாரும் தொடக்கூடாது" என்று எழுதினேன். 'யாரும்' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டேன். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர்.

வியாழக்கிழமை வெண்டல் வீட்டு அடுப்பில் ஒத்திகை. கொஞ்சம் மாவு எடுத்துப்போய்ச் சுட்டோம். பத்து நிமிடத்தில் பிஸ்கட்டுகள் எழுந்தன. எழுந்தன என்றால், தட்டை விட்டே கிளம்பிவிடும் போல எழுந்தன. அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. அப்புறம் பொத்தென்று உட்கார்ந்தன.

வெண்டல் ஒரு விள்ளல் வாயில் போட்டார். அவர் முகம் ஒஹாயோவுக்கே திரும்பிப் போய்விட்டது.

"எப்படி?"

"உப்பிருக்கு."

"உப்பி இருக்குதா? நல்லதுதானே!"

"உப்பு இருக்குன்னேன்யா! உப்பு! நாக்கு கழண்டு விழுது!"

நானும் கடித்தேன். உப்பவும் உப்பியது, உப்புக் கரிக்கவும் கரித்தது. அடியில் சுண்ணாம்பு நக்கின மாதிரி ஒரு கசப்பு வேறு.

"சீட்டுல இருக்கற மாதிரிதானே பண்ணே?"

"அட்சரம் பிசகாம."

"எங்க ஊர்ல இப்படி ஆனதே கிடையாதே" என்றார் வெண்டல். மிச்சத்தை அவருடைய நாய்க்குப் போட்டோம். அது மோந்து பார்த்துவிட்டு, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேலியோரம் போய்ப் படுத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்தேன். ஓப்பலிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை. "ஒத்திகை எப்படி?" என்றாள். "பிரமாதம்" என்றேன். அன்று முழுவதும் தண்ணீர் குடித்தேன். நான் எத்தனை டம்ளர் குடித்தேன் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறு வாரம் முழுக்க ஜாடியைத் திறக்கத் துணிச்சல் வரவில்லை. கிளின்டுக்குப் போன் போட்டு "வேண்டாம்" என்று சொல்ல இரண்டு முறை எடுத்தேன். இரண்டு முறையும் வைத்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. இதைவிட மரியாதையான சொல் எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்துவிட்டார்கள். டெஸா கையில், முன்ஜாக்கிரதையாக, வாழைப்பழம்.

ஜாடியைத் திறந்தேன். சோயாப் பாலை ஊற்றிப் பிசைந்தேன். தட்டி, மடித்து, மறுபடி தட்டினேன். வட்ட அச்சை வைத்துத் திருகப் போனேன்.

"திருகாதே!" என்று கூடத்திலிருந்து ஓப்பல் குரல். "இல்ல, கிளின்ட்கிட்ட சொன்னேன். ரேடியோ குமிழை."

நானும் திருகாமல் நேராக அழுத்தினேன். தட்டை அடுப்புக்குள் தள்ளினேன். கதவை மூடிவிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டேன்.

பதினைந்து நிமிடம் கழித்துத் திறந்தால், பொன் நிறம். இரண்டு விரல் உயரம். ஒன்றுகூடச் சாயவில்லை. ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டேன். உப்பு அளவாக இருந்தது. கசப்பே இல்லை. இருந்த பாரமெல்லாம் அப்படியே இறங்கியது. ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். வெண்டலின் சீட்டுக்கும் சொன்னேன்.

டெஸா முதல் பிஸ்கட்டை மெதுவாகச் சாப்பிட்டாள். ஓப்பல் பால் விடாமல் இறைச்சிச் சாற்றிலேயே குழம்பு வைத்திருந்தாள். இரண்டாவதை அதில் தோய்த்தாள். மூன்றாவதுக்குக் கை நீட்டும்போது அவள் கண் கலங்கியது.

"மிஸ்டர் ராய்ஸ், கல்யாணமாகி வந்து, இந்த வீட்ல இன்னைக்குத்தான் 'இன்னொண்ணு குடுங்க'ன்னு கேக்கறேன்."

நான் உடனே விளக்கவுரை ஆரம்பித்தேன்.

"எல்லாம் மாவோட ஓய்வும்மா! கலந்த மறுநாளே சுடக்கூடாது. உப்புப் பிடிக்கும், கசக்கும். ஜாடிக்குள்ள பத்து நாள் ஓய்வெடுக்கணும். அப்பதான் சாந்தம் வரும். இது நானா கண்டுபிடிச்சது."

"ஓ!" என்றாள் ஓப்பல். பெரிய ஓ.

நாலாவது பிஸ்கட்டோடு விஷயம் முடிந்தது. கிளின்ட் சொன்னான்: "அப்பா, நன்றித் திருநாளுக்கு இங்கயே வரோம். டெஸா வீட்டாளுங்களையும் கூட்டிட்டு வரட்டுமா? எல்லாரும் சேர்ந்து பத்தொம்பது பேர்."

"வரட்டும்டா! வந்து நாலு நாள் தங்கட்டும்! தினமும் காலைல என் கையால பிஸ்கட்!"

"நிஜமாவா மிஸ்டர் ராய்ஸ்?"

"ஹாலோவேக்காரன் வாக்கும்மா!"

கார் கிளம்பிப் போனது. நான் வாசலில் நின்று கையாட்டினேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு முழுசாக வந்தது. உள்ளே போனால் ஓப்பல் பாத்திரத்தை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன ஓப்பல், ஆம்பளையால முடியாதுன்னியே?"

"அந்த டப்பால இருக்கறது என்ன மாவு ராய்ஸ்?"

"மாவுதான்."

"தானா உப்பற மாவு. பேக்கிங் பவுடரும் உப்பும் கடைக்காரனே கலந்து குடுக்கறது. இந்த ஊர்ல எல்லா வீட்லயும் அதான். ஒஹாயோல வெறும் மாவு. வெண்டல் சீட்டு அந்த மாவுக்கு. நீ உப்பு மேல உப்பு, பவுடர் மேல பவுடர் கொட்டியிருக்கே. முப்பத்துநாலு வருஷமா திங்கறே, என்ன மாவுன்னு தெரியலை."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப இன்னிக்கு எப்படி..."

"வியாழக்கிழமை நீ பதினாலு டம்ளர் தண்ணி குடிச்சே. அப்பவே உன் மாவைக் குப்பைல கொட்டிட்டு, அதே ஜாடில நான் வேற கலந்து வெச்சேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிம்மதிதான் வந்தது. பிள்ளை வரப் போகிறான், மருமகள் சாப்பிடப் போகிறாள், எனக்கு வேறு என்ன வேண்டும்? ஓப்பலின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ மட்டும் இல்லேன்னா நான் அவ்வளவுதான். முடியாதுன்னு சொன்னே, ஆனா உன்னால முடிஞ்சிருக்கு! அப்ப அந்தப் பத்தொம்பது பேருக்கும் நீயே..."

"நானா? வாக்குக் குடுத்தது யாரு?"

"ஓப்பல்!"

"ஓய்வோட மகிமையை இன்னிக்குத்தான் நீ சொல்லிக் குடுத்தே. மாவுக்குப் பத்து நாள் போதும்னே. எனக்கு முப்பத்துநாலு வருஷ பாக்கி இருக்கு. இனிமே நான் எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். மாவு கலக்கற கணக்கை எழுதி ஜாடிக்குப் பின்னாடி ஒட்டியிருக்கேன். அஞ்சு மணிக்கு அலாரமும் வெச்சாச்சு."

பேசிக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு புது ஏப்ரனை எடுத்து என் கழுத்தில் மாட்டி, பின்னால் முடிச்சுப் போட்டாள். மார்பில் சிவப்பு நூலில் "பிஸ்கட் ராய்ஸ்" என்று பூவேலை, சுற்றிலும் இலை, கொடி, ஒவ்வொரு தையலும் கையால் போட்டது.

"அடேயப்பா! இதைப் போட எத்தனை நாள் ஆச்சு?"

"ஒரு மாசம்" என்றாள் ஓப்பல்.

நான் அந்த மகத்தான முடிவை எடுத்து அன்றைக்குப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.